கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி: ஆஸ்பத்திரியில நம்ம உரிமை என்ன, கடமை என்ன

ஆஸ்பத்திரில அட்மிட் ஆன யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஊசி குத்தி சலைன் ஏறிட்டிருக்கும், வலி ஒரு பக்கம் பயம் ஒரு பக்கம், அந்த நேரம் ஃபைலோட ஒருத்தர் வந்து "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, கடைசி பக்கத்துல ஒண்ணு"ன்னு விரல் வச்சுக் காட்டுவாங்க, என்ன ஏதுன்னு ரெண்டு வரி படிக்கிறதுக்குள்ள ஃபைல் கைமாறிப் போயிடும். அந்தத் தாள்ல இருக்குறது என்னன்னு கேட்டா "ஃபார்மாலிட்டிதான்"னு பதில் வரும். அது ஃபார்மாலிட்டி கிடையாது. நம்ம உடம்பைத் தொட்டு அறுக்க நாம கொடுக்குற அனுமதி அது.

நிறைய ஆஸ்பத்திரில ரிசப்ஷன் பக்கத்துல ஒரு போர்டு மாட்டியிருப்பாங்க. ஒரு பக்கம் நோயாளியின் உரிமைகள், இன்னொரு பக்கம் நோயாளியின் கடமைகள். நின்னு படிக்கிறவங்க ரொம்பக் கம்மி. படிச்சாலும் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு லிஸ்ட் மாதிரிதான் தெரியும். எனக்கு அப்படித் தோணல. ரெண்டுக்கும் அடியில ஓடுறது ஒரே விஷயம்தான், மறைக்காம சொல்றது. அவங்க நம்மகிட்ட மறைக்கக் கூடாது, நாம அவங்ககிட்ட மறைக்கக் கூடாது. இதுல ஒரு பக்கம் அடைபட்டாலும் மிச்ச உரிமை எல்லாம் போர்டுலயே நின்னுடும்.

வரலாற்றைப் பார்த்தா கடமைதான் முதல்ல வந்துச்சு, உரிமை ரொம்ப லேட். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847ல ஆரம்பிச்சப்பவே ஒரு நெறிமுறை எழுதினாங்க, அதுல நோயாளிக்குன்னு தனியா கடமைகள் உண்டு. டாக்டர் சொன்னதுக்கு உடனே, கேள்வி கேக்காம கீழ்ப்படியணும், தன்னோட அரைகுறை அபிப்பிராயத்தை எல்லாம் உள்ள நுழைக்கக் கூடாதுங்கிறது அதுல ஒண்ணு. அதுக்கும் எத்தனையோ நூற்றாண்டு முன்னாடி, ஹிப்போகிரட்டீஸ் பேர்ல வர்ற பழைய கிரேக்க நூல்கள்ல ஒண்ணு, வைத்தியம் பார்க்கும்போது பெரும்பாலான விஷயத்தை நோயாளிகிட்ட இருந்து மறைச்சிடுன்னு வைத்தியருக்கு யோசனை சொல்லுது. கெட்ட எண்ணத்துல சொன்னது இல்ல, தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவாங்கன்னு உண்மையாவே நம்பினாங்க. அந்த நம்பிக்கை எவ்வளவு நாள் நீடிச்சதுன்னு பாருங்க: 1961ல சிகாகோல ஒரு ஆஸ்பத்திரி டாக்டர்கள்கிட்ட, கேன்சர்னு தெரிஞ்சா நோயாளிகிட்ட சொல்வீங்களான்னு கேட்டதுக்கு கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் சொல்லாம இருக்கத்தான் விரும்புவோம்னாங்க. அதே மாதிரி கேள்வியை 1979ல அமெரிக்காவுல இன்னொரு ஆஸ்பத்திரியில கேட்டப்ப 97 சதவீதம் பேர் சொல்லிடுவோம்னாங்க. 18 வருஷத்துல அப்படியே தலைகீழ்.

இந்த மாற்றம் தானா வரல, சிலபேர் உடம்புல பட்டு கோர்ட் வரைக்கும் போனதாலதான் வந்துச்சு. 1908ல நியூயார்க்ல மேரி ஸ்க்லோன்டார்ஃப்னு ஒரு பெண் வயித்துக் கோளாறுக்காக ஒரு ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க. உள்ள ஒரு கட்டி இருக்கு, என்ன கட்டின்னு பார்க்க ஈதர்ங்கிற மயக்க மருந்து கொடுத்து பரிசோதிக்கணும்னு சொல்லியிருக்காங்க. பரிசோதனைக்கு சரின்னு சொன்னாங்க, ஆனா ஆபரேஷன் வேண்டாம்னு திட்டவட்டமா சொன்னாங்க, டாக்டர்கிட்டயும் சொன்னாங்க, ராத்திரி தயார் பண்ண வந்த நர்ஸ்கிட்டயும் சொன்னாங்க. மயக்கம் தெளிஞ்சு பார்த்தா கட்டியை எடுத்திருந்தாங்க. அப்புறம் கையில சதை அழுகிப் போய் சில விரல்களை வெட்ட வேண்டி வந்துச்சு. 1914ல தீர்ப்பு வந்தப்ப அந்தம்மா தோத்துட்டாங்க, ஏன்னா அது தர்ம ஆஸ்பத்திரி, டாக்டர் பண்ண தப்புக்கு ஆஸ்பத்திரியைப் பிடிக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அதே தீர்ப்புல நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ ஒரு வரி எழுதினார், வயசு வந்து தெளிந்த புத்தியோட இருக்குற ஒவ்வொருத்தருக்கும் தன் உடம்புல என்ன செய்யலாம்னு தீர்மானிக்கிற உரிமை உண்டுன்னு. கேஸ் தோத்துச்சு, வரி நின்னுச்சு. நூறு வருஷம் தாண்டியும் இன்னைக்கும் பல நாட்டுல அந்த வரியை எடுத்துக் காட்டுறாங்க.

இரண்டாம் உலகப் போர்ல நாஜி டாக்டர்கள் கைதிகள் மேல பண்ண சோதனைகளுக்கு அப்புறம், 1947ல நியூரம்பர்க் விதிகள் வந்துச்சு, அதுல முதல் விதியே சோதனைக்கு உட்படுறவர் தானா விரும்பி சம்மதிக்கணும்ங்கிறதுதான். இது உலகத்துக்கே பாடம்னு நினைச்சிட்டிருந்த அதே சமயத்துல அமெரிக்காவுல டஸ்கீகீங்கிற ஊர்ல 1932ல இருந்து 1972 வரைக்கும், சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு அவங்க நோய் என்னன்னு சரியா சொல்லாம, அதைக் குணமாக்குற பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காம, நோய் எப்படிப் போகுதுன்னு வேடிக்கை பார்த்துட்டு இருந்தாங்க, அதுவும் அரசாங்கத்தோட பொது சுகாதாரத் துறையே. இது வெளிய வந்த அடுத்த வருஷம், 1973ல, அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சங்கம் நோயாளி உரிமைப் பட்டியல்னு ஒண்ணு வெளியிட்டாங்க. 1981ல உலக மருத்துவச் சங்கம் லிஸ்பன்ல நோயாளி உரிமைகள் பத்தி ஒரு பிரகடனம் கொண்டு வந்துச்சு. 1992ல ஃபின்லாந்து தனிச் சட்டமே போட்டுச்சு, ஐரோப்பாவுல அதான் முதல். இப்ப சுவத்துல தொங்குற போர்டுல பாதி வரி இந்த வழியா வந்ததுதான்.

சரி, இன்னைக்கு அந்த சம்மதம்னா என்ன? ஆபரேஷன் பேரைச் சொல்லி "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க"ன்னு தட்டிக் கொடுத்தா போதுமா? இதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரொம்பத் தெளிவான பதில் 2015ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கொடுத்ததுதான். நேடின் மான்ட்கோமரின்னு ஒரு பெண், குள்ளமான உடல்வாகு, சர்க்கரை நோய் உள்ளவங்க, 1999ல பிரசவம். சர்க்கரை இருக்குற அம்மாவுக்கு குழந்தை பெரிசா இருக்கும், தலை வெளிய வந்தப்புறம் தோள் மாட்டிக்கிற ஆபத்து 9, 10 சதவீதம். குழந்தை பெரிசா இருக்கே, சுகப்பிரசவம் ஆகுமான்னு அந்தம்மா கவலையைச் சொல்லியும் டாக்டர் இந்த ஆபத்தைச் சொல்லல. ஏன்னு கேட்டதுக்கு, சொன்னா எல்லாரும் சிசேரியன் கேப்பாங்க, அது தாய்க்கு நல்லதில்லன்னு பதில். தோள் மாட்டிக்கிச்சு, குழந்தைக்கு பிராணவாயு கிடைக்காம 12 நிமிஷம், மூளை பாதிப்போட பிறந்தான். கீழ் கோர்ட்டுகள்ல தோத்து கடைசில உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் "மத்த டாக்டர்களும் இவ்வளவுதானே சொல்லியிருப்பாங்க"ங்கிறது அளவுகோலா இருந்துச்சு. அதுக்கப்புறம், இந்த நோயாளி இடத்துல இருக்குற ஒருத்தர் எதைத் தெரிஞ்சுக்க விரும்புவாரோ அதைச் சொல்லணும்ங்கிறது அளவுகோல் ஆச்சு. இது சின்ன மாற்றம் மாதிரி தெரியும், ஆனா யார் பார்வையில இருந்து பார்க்கிறோம்ங்கிறதே மாறிடுச்சு.

இந்திய உச்ச நீதிமன்றம் 2008ல சமீரா கோலி வழக்குல சொன்னதும் இதோட சேர்த்து ஞாபகம் வச்சுக்க வேண்டியது. உள்ள கேமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்குத்தான் அவங்க முக்கியமா சம்மதிச்சிருந்தாங்க. மயக்கத்துல இருந்தப்ப, வெளிய காத்திட்டிருந்த அம்மாகிட்ட கேட்டுட்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்ல, மயக்கம் தெளிஞ்சதும் அவங்ககிட்டயே கேட்டிருக்கலாம், வயசு வந்த பெண்ணுக்குப் பதிலா அம்மா சம்மதிச்சது செல்லாதுன்னு கோர்ட் சொல்லிச்சு. மேரிக்கு நடந்ததுக்கும் இதுக்கும் நடுவுல எத்தனை வருஷம், எவ்வளவு தூரம், ஆனா நடந்தது கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அதனால ஃபார்ம் கைக்கு வந்தா, அவசர கேஸ் இல்லன்னா, நிதானமா கேளுங்க. இது என்ன சிகிச்சை, எதுக்கு, வேற வழி உண்டா, ஒண்ணுமே பண்ணாம விட்டா என்ன ஆகும், என்னோட வயசுக்கும் எனக்கு இருக்குற மத்த நோய்க்கும் இதுல என்ன ஆபத்து, கத்தி பிடிக்கப் போறது யாரு. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேக்கத்தான் எல்லாரும் கூச்சப்படுறாங்க, கேளுங்க, தப்பே இல்ல. இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்னு எந்தக் கட்டத்துலயும் சொல்லலாம், லிஸ்பன் பிரகடனத்துலயே அது இருக்கு, மாணவர்கள் கத்துக்கிறதுக்கோ ஆராய்ச்சிக்கோ என்னைப் பயன்படுத்த வேண்டாம்னு சொல்ற உரிமையும் அதுல இருக்கு. கையெழுத்து போட்டப்புறமும் மனசு மாறலாம், ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயும் வேண்டாம்னு சொல்லலாம். நினைவு இல்லாம, கூட யாரும் இல்லாம, உயிர் போற நிலைமைல ஒருத்தர் வந்தா மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்காம டாக்டர் காப்பாத்தலாம், அது நியாயமான விதிவிலக்கு.

வேண்டாம்னு சொல்றது பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இங்கதான் குடும்பத்துக்கும் டாக்டருக்கும் மனசு ரொம்பக் கஷ்டப்படும். கனடாவுல ஒரு பெண் விபத்துல அடிபட்டு நினைவில்லாம வந்தாங்க, பையில ஒரு கார்டு, நான் யெகோவாவின் சாட்சி (ரத்தம் ஏத்திக்கிறதை மத நம்பிக்கையால மறுக்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவு), எனக்கு எந்த நிலைமையிலும் ரத்தம் ஏத்தாதீங்கன்னு. டாக்டர் உயிரைக் காப்பாத்தணும்னு ஏத்திட்டார், அவங்க பிழைச்சாங்க, வழக்குப் போட்டாங்க, 1990ல ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவங்க பக்கம்தான் நின்னுச்சு. படிக்கும்போது டாக்டர் மேல பரிதாபம் வரும், எனக்கும் வருது. ஆனா தெளிவான புத்தியோட முன்கூட்டியே எழுதி வச்சதை, நினைவு போன உடனே மத்தவங்க அழிச்சிடலாம்னா அப்புறம் எழுதி வச்சு என்ன பிரயோஜனம்? மறுக்கிற உரிமையோட கூடவே ஒரு பொறுப்பு வருது, அதனால என்ன ஆகலாம்னு கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு மறுக்கணும், பின்விளைவு நம்மளுதுன்னு ஏத்துக்கணும். டாக்டர் சொல்லைக் கேக்காம டிஸ்சார்ஜ் வாங்கிப் போறவங்க யார்கிட்டயும் சொல்லாம ஓடுறதை விட, சொல்லிட்டு, என்ன அறிகுறி வந்தா உடனே திரும்பி வரணும்னு கேட்டுட்டுப் போகணும். திரும்பி வந்தா சேர்த்துக்க மாட்டாங்கன்னு பயந்து வீட்லயே கிடக்கிறதுதான் உயிருக்கு ஆபத்து.

குடும்பம் செய்ற ஒரு காரியம் உண்டு. ரிப்போர்ட்ல கேன்சர்னு வந்தா டாக்டரைத் தனியா கூப்பிட்டு "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்"னு கெஞ்சுவாங்க. அன்புலதான், சந்தேகமே இல்ல. ஆனா அந்தத் தகவல் அப்பாவோடது. யாருக்குச் சொல்லணும்னு முடிவு பண்ண வேண்டியதும் அவர்தான். எனக்கு விவரம் எதுவும் வேண்டாம், பையன்கிட்ட சொல்லுங்கன்னு அவரே சொன்னா அதுவும் அவரோட உரிமைதான், தெரிஞ்சுக்காம இருக்குற உரிமையும் லிஸ்பன் பிரகடனத்துல உண்டு, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்து வராத வரைக்கும். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே முடிவு பண்றதுதான் தப்பு, அதுவும் எழுத வேண்டிய உயில், பார்க்க வேண்டிய ஆள், பேசி முடிக்க வேண்டிய சண்டைன்னு எத்தனையோ மனசுல இருக்குறவர்கிட்ட நாம கடைசி மாசங்களைப் பறிச்சிடுறோம்.

இப்ப நம்ம பக்கம். 1847ல கடமைன்னா கீழ்ப்படியிறது. இன்னைக்கு கடமைன்னா முதல்ல உண்மையைச் சொல்றது, அதுவும் கூச்சமான உண்மையை. ஒரு உதாரணம் போதும். தினமும் நிறைய குடிக்கிற ஒருத்தர் கால் உடைஞ்சு அட்மிட் ஆறார்னு வைங்க. குடிப்பீங்களான்னு கேட்டா மனைவி பிள்ளைங்க பக்கத்துல இருக்காங்கன்னு "எப்பவாவது"ன்னு சொல்லிடுவார். ஆபரேஷன் நல்லா முடியும். ரெண்டு மூணு நாள்ல கை நடுக்கம், வேர்வை, யாரோ வந்து நிக்கிற மாதிரி தெரியுது, கட்டில்ல இருந்து எறங்கி ஓடப் பார்க்கிறார், சிலருக்கு வலிப்பே வரும். உடம்பு பழகிப்போன சாராயம் திடீர்னு நின்னுபோனதால வர்றது இது, உயிரையே எடுக்கக் கூடியது. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தா அதைத் தடுக்க மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. அந்தக் கேள்வியைக் கேட்ட டாக்டருக்கு இவர் ஒழுக்கத்தைப் பத்தி எந்த அக்கறையும் இல்ல, எந்த மருந்தை எப்ப எழுதணும்ங்கிறதுக்காகக் கேட்டார். எல்லார் முன்னாடியும் சொல்ல முடியலன்னா தனியாப் பேசணும்னு கேளுங்க, அது உங்க உரிமை, நீங்க சொன்னது வெளிய போகாம பார்த்துக்கிறது அவங்க கடமை.

மாத்திரையும் அப்படித்தான். ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற மாத்திரை, நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, ஜிம்ல கொடுத்த பவுடர், எல்லாத்தையும் சொல்லணும், பேர் தெரியலன்னா அட்டையையே எடுத்துட்டுப் போங்க. ஆபரேஷன் வருதேன்னு நாமளா ரத்த மாத்திரையை நிறுத்துறதும் ஆபத்து, இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சவங்களுக்கு ரொம்பவே ஆபத்து, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். மயக்க மருந்துக்கு முன்னாடி பட்டினி இருக்கச் சொல்றதை நிறைய பேர் சடங்கு மாதிரி நினைச்சுக்கிறாங்க. மயக்கத்துல இருமல், விழுங்குறது எல்லாம் வேலை செய்யாது, வயித்துல இருக்குறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும். அதுக்குத்தான் பொதுவா கெட்டியான சாப்பாடு 6 மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், எண்ணெய் அதிகம்னா இன்னும் முன்னாடியே, வெறும் தண்ணி 2 மணி நேரம் வரைக்கும் குடிக்கலாம்னு வச்சிருக்காங்க, உங்களுக்கு வேற கணக்கு சொல்லியிருந்தா அதைத்தான் கேக்கணும். சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் இப்ப வாராவாரம் போடுற சில ஊசிகள் வயிறு காலியாகிறதையே மெதுவாக்கிடும், அதைப் பத்தி 2023ல அமெரிக்க மயக்கவியல் டாக்டர்கள் சங்கம் தனியா எச்சரிக்கையே கொடுத்துச்சு. "கொஞ்சூண்டு சாப்பிட்டேன், சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க"ன்னு மறைக்கவே மறைக்காதீங்க.

தியேட்டருக்குப் போறதுக்குள்ள பேர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன், அலர்ஜி உண்டான்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேப்பாங்க. எத்தனை தடவை சொல்றதுன்னு சிலர் எரிஞ்சு விழுவாங்க. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டு வந்த 19 விஷயம் உள்ள ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்குற கேள்விங்க அது. எட்டு நகரங்கள்ல ஒவ்வொரு ஆஸ்பத்திரியில அதை வச்சுப் பார்த்தப்ப இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்குனதா 2009ல வெளியிட்டாங்க. தலையாட்டாம முழுப் பேரை வாயைத் திறந்து சொல்லுங்க, அவங்க உங்க பேரைத் தப்பாப் படிச்சா உடனே திருத்துங்க.

மத்த கடமை எல்லாம் சுருக்கமா: எமர்ஜென்சில முதல்ல வந்தவருக்கு முதல்ல பார்க்க மாட்டாங்க, உயிர் ஆபத்து யாருக்கு அதிகமோ அவருக்குத்தான், நமக்குப் பின்னாடி வந்தவரை உள்ள கூட்டிட்டுப் போனா அவர் நிலைமை நம்மளை விட மோசம்னு அர்த்தம். வார்டுக்குள்ள கூட்டமா போய் நிக்கக் கூடாது, சளி காய்ச்சலோட போகவே கூடாது. நோயாளி சொன்னதுக்காக ஸ்கேனோ ஆன்டிபயாட்டிக்கோ எழுதித் தரணும்னு எந்த உரிமைப் பட்டியல்லயும் கிடையாது, வேண்டாத சிகிச்சையை நாம மறுக்கலாம், வேணும்கிறதை மிரட்டி வாங்க முடியாது. அப்புறம் கை நீட்டுறது. சுகாதாரத் துறையில வேலை செய்றவங்கள்ல 8ல இருந்து 38 சதவீதம் பேர் எப்பவாவது ஒரு தடவை அடி வாங்கியிருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்மாளு உயிர் போயிட்டிருக்கும்போது வர்ற ஆத்திரம் புரியுது, ஆனா பெரும்பாலும் அடி வாங்குறது அந்த ராத்திரி எல்லாத்தையும் தனியா சமாளிச்சிட்டிருக்குற நர்ஸோ சின்ன வயசு டாக்டரோதான்.

அப்போ யாரும் காதுல வாங்கலன்னா என்ன பண்றது? உலக அளவுல பத்து நோயாளில ஒருத்தருக்கு சிகிச்சையினாலயே ஏதோ ஒரு பாதிப்பு வருது, அதுல பாதிக்கு மேல தடுத்திருக்கக் கூடியதுன்னு அதே நிறுவனத்தோட கணக்கு, அதனால கேள்வி நியாயமானது. கையைச் சுத்தம் பண்ணீட்டீங்களான்னு டாக்டரையே கேக்கலாம், மரியாதையாக் கேட்டா நல்ல டாக்டர் கோவப்பட மாட்டார். அதுக்கும் மேல, ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து மாநிலத்துல ரயன் விதின்னு ஒண்ணு 2013ல வந்துச்சு, இங்கிலாந்துல மார்த்தா விதி 2024ல இருந்து படிப்படியா வந்துச்சு. ரெண்டும் ஆஸ்பத்திரியில இருந்தும் நிலைமை மோசமானது கவனிக்கப்படாம இறந்த குழந்தைங்க பேர். மார்த்தா மில்ஸுக்கு 13 வயசு, சைக்கிள்ல இருந்து விழுந்து கணையத்துல அடி, 2021ல ரத்தத்துல தொத்து பரவி இறந்துட்டா. பிள்ளை உடம்பு மோசமாகுதுன்னு அவ அம்மா சொல்லிட்டே இருந்தாங்க. இப்ப அந்த விதிப்படி குடும்பத்துல யாராவது ஃபோன் பண்ணா வேற ஒரு டீம் உடனே வந்து புதுசாப் பார்க்கணும். இந்த மாதிரி விதி எழுத்துல இல்லாத ஆஸ்பத்திரியிலும் "இவருக்கு மோசமாகுது, பெரிய டாக்டர் இப்பவே வந்து பார்க்கணும், நான் சொன்னதை நேரம் போட்டு கேஸ் ஷீட்ல எழுதுங்க"ன்னு தெளிவா, குரலை உயர்த்தாம கேக்கலாம். எழுதச் சொன்ன உடனே பெரும்பாலும் நடவடிக்கை மாறும். புகார் கொடுக்கணும்னாலும் தேதி, நேரம், யார் என்ன சொன்னாங்கன்னு அன்னைக்கே குறிச்சு வச்சதுதான் நிக்கும், ஒரு மாசம் கழிச்சு கோவத்துல எழுதுறது நிக்காது.

வீட்டுக்குக் கிளம்புற நாள் எல்லாருக்கும் அவசரம். அன்னைக்குத்தான் நின்னு நிதானமாக் கேக்கணும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன்ல எடுத்த சதையோட ரிப்போர்ட் இன்னும் வரலன்னா அது எப்ப வரும், யார் சொல்வாங்க, இதெல்லாம் கையில இருக்கணும். பழைய மாத்திரைல எது தொடரணும், எது நிறுத்தணும், புதுசா வந்தது எத்தனை நாள், எந்த அறிகுறி வந்தா ராத்திரின்னு பார்க்காம உடனே வரணும், யாருக்கு ஃபோன் பண்ணணும். டாக்டர் சொன்னதை அவர் முன்னாடியே நம்ம வார்த்தைல திருப்பிச் சொல்லிக் காட்டுங்க, "காலைல இது ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி, சரியா டாக்டர்?"னு. தப்பாப் புரிஞ்சிருந்தா அங்கயே திருத்திடுவார்.